இடது தோள் அரை விரல் இறக்கம்

அன்புள்ள பம்பரத்துக்கு,

இங்கே நான் நலம். உன் அம்மா முக்கால் நலம், மீதிக் கால் சாயங்காலமானால் இன்னும் லேசாக வீங்குகிறது. (இந்த ஜோக்கை எழுதக்கூடாது என்று அவள் தடை போட்டிருக்கிறாள், நீ சிரித்ததாகப் பதில் எழுதிவிடு.) நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஊருக்கெல்லாம் 'தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க' என்று சொல்கிற வாயால் நீயும் இரண்டு மடக்குக் குடித்து, ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையோடு ஆரம்பிக்கிறேன்.

உனக்கு ஏழு வயதில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், நினைவிருக்கிறதா? உங்கள் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்த் தொட்டி உடைந்து திடீர் விடுமுறை விட்டார்கள், அம்மாவுக்குத் தையல் வேலை தலைக்கு மேல் கிடந்தது, அதனால் உன்னை என்னோடு அழைத்துப்போய் எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். பென்சிலைக் கடித்துக்கொண்டு நாள் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். திரும்பி வரும்போது சைக்கிளின் முன் கம்பியில் உட்கார்ந்துகொண்டு, 'அப்பா, கிளாஸ்ல நீங்க ஏன் வேற யாரோ மாதிரி நின்னீங்க?' என்று கேட்டாய். நான், 'காலைச் சக்கரத்துல விடாம உக்காரு' என்றேன். முப்பத்து மூன்று வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், பிள்ளைகள் கேட்ட எத்தனையோ கேள்விகளுக்கு மறுநாளாவது பதில் தேடிக்கொண்டு போயிருக்கிறேன். உன் கேள்வியை மட்டும் சைக்கிளிலேயே விட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தில் அதற்கும் பதில் இருக்கிறது, இப்போது நீ கேட்டிருக்கிற கேள்விக்கும் இருக்கிறது, இரண்டும் ஒரே பதில்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படி.

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய பதினோரு நிமிடக் குரல்பதிவை நாங்கள் இருவரும் மூன்று தடவை கேட்டோம். நான் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறேனா பார், கணக்குப் போடுவதற்கு முன்னால் கேள்வியை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள் என்று வகுப்பில் கேட்பேனே, அதுபோல. உங்கள் ஜிம் முதலாளி அடுத்த மாதத்திலிருந்து உன்னை ஹெட் டிரெய்னர் ஆக்குகிறேன் என்கிறார். காலை ஐந்தரையிலிருந்து பத்து, சாயங்காலம் நாலிலிருந்து ஒன்பது, வாரத்தில் ஆறு நாள், இடையில் அலுவலக வேலையும் உண்டு. 'ஆடிஷன் கீடிஷன்னு ஓடக்கூடாது, நீ ஓடினா மத்தவங்க எல்லாம் ஓடுவாங்க' என்பது அவர் நிபந்தனை. அடுத்த வாரம் சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுபக்கம், நடிப்பு வாய்ப்பு தேடி ஓடிய மூன்று வருட ஓட்டத்தில் உனக்குக் கிடைத்தவை ஒரு காலணி விளம்பரத்தில் ஓடுகிறவளின் முதுகு, ஒரு தொடரில் 'ஐயா, வண்டி ரெடி' என்று ஒற்றை வரி பேசும் காவலர், இன்னொன்றில் கதாநாயகியை மாடிப்படியில் துரத்திக்கொண்டு போய் உதை வாங்குகிற அடியாள். (அந்த முதுகை நாங்கள் பார்த்தோம். முகமே காட்டவில்லை, ஆனாலும் அம்மா, 'நம்ம பம்பரம்தான், இடது தோளைப் பாருங்க' என்று துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.) இப்போதுதான் முதல்முறையாகப் பேர் சொல்லும்படி ஒரு வேஷத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தொழிற்சாலையில் விபத்து, உள்ளே அடிபட்டவர்களில் தன் புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் வாசல் கேட்டில் நிற்கிற பெண். வசனம் அதிகமில்லை, நிற்பதுதான் வேலை. நீ நின்றாய். அந்த இயக்குநர் உன்னைப் பார்த்து, 'நல்லாத்தான் பேசறம்மா, ஆனா புருஷனுக்கு என்ன ஆச்சோன்னு நிக்கிறவ மாதிரி இல்லியே, எனக்குத் தொப்பையைக் குறைக்கச் சொல்லிக்குடுக்க வந்தவ மாதிரில்ல நிக்கிறே' என்றார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் அடுத்த வாரம் வியாழக்கிழமை இன்னொரு தடவை வா என்று சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் நீ கடைசி இரண்டு நிமிடமும் அழுதுகொண்டே பேசினாய். 'விட்டுடட்டுமாப்பா? நீங்க விடுன்னு சொன்னா விட்டுடறேன்' என்றாய்.

சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, திங்கட்கிழமையே நான் 'விடு' என்று எழுதிவிட்டேன். நான்கு பக்கம். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்தவன் கதையில் தொடங்கி, என்னோடு படித்து நாடகக் கம்பெனியில் சேர்ந்து நாற்பது வயதில் திரும்பி வந்து எழுதுபொருள் கடை வைத்த நண்பன் வரைக்கும் உதாரணம் உதாரணமாக அடுக்கியிருந்தேன். தபாலில் போடுவதற்கு முன்னால் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் தையல் மெஷின் பக்கத்தில் காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, நான்கு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். அப்புறம், 'அந்தச் சிவப்புப் பேனாவை எடுங்க' என்றாள். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பேனாவை நான் தொடவே இல்லை, அது அவளுக்கு எப்படி ஞாபகம் இருந்ததோ தெரியவில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் பத்துக்கு மூன்று என்று போட்டு வட்டம் போட்டாள். அதற்குக் கீழே, இத்தனை வருடம் நான் எத்தனையோ பிள்ளைகளின் தாளில் எழுதிய அதே வரியை எழுதினாள்: 'கேட்ட கேள்விக்கு விடை இல்லை.'

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விட்டுடட்டுமா என்று கேட்டாள், விடு என்று எழுதியிருக்கிறேன், இதைவிட நேரான விடை உலகத்தில் உண்டா என்றேன். அதற்கு அவள், 'விட நினைச்சவ விட்டுட்டுத்தான் போன் பண்ணுவா. இவ பதினோரு நிமிஷம் பேசி அழுதிருக்கா. தனக்கு நடிப்பு வருமா வராதான்னு கேக்கறா, அதுக்கு நீங்க எழுதுபொருள் கடைக்காரர் கதை சொல்றீங்க. அவர் பேனா விக்கிறதுக்கும் இவ நிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?' என்றாள். மூன்று மதிப்பெண்ணாவது எதற்கு என்று கேட்டேன். கையெழுத்துக்காம்.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். யோசித்தபோது, உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒரு சமாச்சாரம் நினைவுக்கு வந்தது. பின்வாசல் படியில் காய்ந்த துணிக் கூடையோடு அம்மா வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நடந்தது. எல்லாம் நல்லபடியாக நடந்தது, அப்பா கூடவே இருந்தார் என்று மட்டும்தானே உனக்குச் சொன்னோம். நான் இருந்தது உண்மை. ஆனால் எப்படி இருந்தேன் தெரியுமா? எக்ஸ்ரே எடுத்துவிட்டுக் கட்டிலில் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள், மாவுக்கட்டு போட இன்னும் ஆள் வரவில்லை, வலியில் போர்வை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் கட்டில் கால்மாட்டில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்று, 'கணுக்கால்ங்கிறது மூணு எலும்பு சேர்ற இடம், முதலாவது என்னன்னா' என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். இரண்டாவது எலும்புக்கு வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டே, 'ஏங்க, அந்த வாத்தியாரைக் கொஞ்சம் வெளியில அனுப்பிட்டு என் புருஷனை உள்ள வரச் சொல்றீங்களா' என்றாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் வெளியில் போனேன். தண்ணீர் பிடிக்கிற குழாய்க்குப் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தேன். தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்மணி, 'பெரியவரே, உக்காருங்க, விழுந்துட்டா அதையும் நான்தான் துடைக்கணும்' என்றாள். உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் உள்ளே போய், கால்மாட்டில் நிற்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவளுடைய அடிபடாத காலின் பெருவிரலைப் பிடித்துக்கொண்டேன். என் முதுகு அன்றைக்குக் கேள்விக்குறி மாதிரி வளைந்து போயிருக்கும். 'இப்பத்தான் வந்தீங்களா' என்றாள்.

நீ ஏழு வயதில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான் கண்ணு. நான் வகுப்பில் வேறு யாரோ மாதிரி நின்றது பயத்தினால். இருபத்து நான்கு வயதில் முதல்நாள் வகுப்புக்குள் போனபோது நாற்பத்தெட்டு பிள்ளைகள், கடைசி பெஞ்சில் இரண்டு பேருக்கு என்னைவிட அடர்த்தியான மீசை. கை நடுங்குவது தெரியக்கூடாது என்று கையைப் பின்னால் கட்டினேன், குரல் நடுங்கக்கூடாது என்று 'முதலாவது, இரண்டாவது' என்று எண் போட்டுப் பேசினேன். வேலை நடந்தது. பயம் ஒரு வருடத்தில் போய்விட்டது, நிற்கிற விதம் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் பயம் வந்தால் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. உனக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன், அதோடு உனக்குத் தொழிலும் சேர்ந்துகொண்டது. தோளைப் பின்னால் தள்ளு, மார்பை விரி, முதுகை நிமிர்த்து என்று நாள் முழுக்க ஊருக்குச் சொல்கிறாய். அந்த இயக்குநர் முன்னால் நிற்கும்போது உள்ளே பயம், உடனே தோள் பின்னால் போயிருக்கும். புருஷன் கதி தெரியாதவளை நீ ஜிம் வாசலில் நிறுத்திவிட்டாய். அவர் சொன்ன விதம் முரட்டுத்தனம்தான், ஆனால் கண் உள்ள மனிதர். வராதவளாக இருந்தால் இரண்டாவது தடவை கூப்பிடுவாரா?

இதோடு நிறுத்தியிருந்தால் அம்மா ஐந்து மதிப்பெண் போட்டிருப்பாள். மிச்சத்தை அவள்தான் சொன்னாள். மாவுக்கட்டு பிரித்ததிலிருந்து மூன்று வாரமாகத் தினமும் மத்தியானம் நீ செல்போனில் வந்து அவளுக்கு நடை சொல்லிக்கொடுக்கிறாயே, அதை நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஸ்டாண்டாக இருந்து பார்த்தவன். ஒவ்வொரு பயிற்சிக்கும் நீ முதலில் தப்பாக எப்படிச் செய்வார்கள் என்று காட்டுவாய், அப்புறம் 'இது தப்பு, இப்ப சரியா பாரு' என்று சரியாகக் காட்டுவாய். உங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள் போலிருக்கிறது. அம்மா சோர்ந்து உட்கார்ந்த நாளில் அவளைச் சிரிக்க வைக்க உன்னிடம் வருகிறவர்களைக் காட்டினாய். நாற்காலியில் உட்கார்ந்தாலும் வலது காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டேயிருக்கிற பஸ் டிரைவர். எடையைத் தூக்கும்போது யாரோ திட்டப் போகிறார்கள் என்பதுபோல் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் வங்கிக்காரம்மா. நீ தொடுவதற்கு முன்பே 'வலிக்கல, வலிக்கல' என்று முழங்காலைக் கையால் மறைத்துக்கொள்ளும் ஓய்வுபெற்ற அஞ்சல்காரர். அந்த அஞ்சல்காரரை நீ செய்தபோது நான் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அவ்வளவு பெரிய திரையா அது, உள்ளங்கை அகலம், அதற்குள் எழுபது வயது ஆள் ஒருத்தர் தன் பெண்டாட்டிக்குப் பாரமாகிவிடுவோமோ என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த நொடியே நீ தோளை உதறி, 'தப்பு! இப்படி உக்காரணும்' என்று எங்கள் பம்பரமாகிவிட்டாய்.

அம்மா சொன்னது இதைத்தான். 'தப்பைக் காட்டறப்ப அவளுக்கு என்னமா வருது! அந்த பஸ்காரர் நம்ம வீட்டுக்கு வந்து டீ குடிச்சிட்டுப் போன மாதிரி இருக்கு. ஆடிஷனுக்குப் போறப்ப அதை வீட்டுல வச்சிட்டு, சரியா நிக்கிற பாதியை மட்டும் தூக்கிட்டுப் போறா.' அப்புறம் தையல்காரியாக ஒன்று சொன்னாள், அதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன். 'இத்தனை வருஷத்துல நான் அளவெடுத்த ஒரு உடம்பு கூட ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்ததில்ல. அரசு அதிகாரிக்கும் சரி, பந்தயத்துல ஓடுற பிள்ளைக்கும் சரி, ஒரு தோள் இறங்கித்தான் இருக்கும். எல்லாம் சமம்னு நெனச்சு சமமா தச்சா சட்டை கோணிக்கும்.' இதைச் சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நான் இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகையால் என் விடை: விடாதே. எங்கள் பேரைச் சொல்லி விடாதே, அந்தப் பழியை நான் ஏற்க மாட்டேன். உனக்கு வருகிறது, நாங்கள் கண்ணால் பார்த்தோம். நீ இத்தனை நாளாக ஜிம்மை நடிப்புக்குக் குறுக்கே நிற்கிற சுவராக நினைக்கிறாய் போலிருக்கிறது. ஒரு நாளைக்குப் பதினோரு பேர் உன் முன்னால் வந்து, எங்கே வலிக்கிறது, எதை மறைக்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்று உடம்பால் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எந்த நடிப்புப் பள்ளிக்கூடத்தில் இது கிடைக்கும்? ஹெட் டிரெய்னர் விஷயத்தில், உன் முதலாளியிடம் நீ எதிர்க்கேள்வி கேட்டாயா என்று குரல்பதிவில் தேடினேன், காணோம். அவர் சொன்னார், நீ அழுதாய். காலை முழுக்க உங்களுக்கு, சாயங்காலமும் உங்களுக்கு, இடையில் அந்த அலுவலக வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு வாரத்தில் இரண்டு மத்தியானம் எனக்கு வேண்டும், முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போவேன் என்று கேட்டுப் பார். மாட்டேன் என்றால் இப்போது இருக்கிற வேலையில் இப்படியே இரு. கேட்காத கேள்விக்குத் தானே விடை எழுதிக்கொண்டு தோற்றுப்போவது நம் குடும்ப வழக்கம், என்னோடு போகட்டும்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். தெரு மூலையில் மருந்துக்கடை வைத்திருக்கிறவர் உன்னைப் பற்றி விசாரிக்கும்போதெல்லாம் நான், 'உடற்கல்வித் துறையில இருக்கா' என்று சொல்லி வந்தேன். பொய்யில்லை, ஆனால் நிஜத்துக்குச் சட்டை மாட்டி, பொத்தான் போட்டு, தலை வாரிச் சொன்ன பதில். நேற்று அம்மாவுக்கு வலி மாத்திரை வாங்கப் போனபோது மறுபடி கேட்டார். 'காலையில ஜிம்ல டிரெய்னர், மத்தியானம் நடிக்கப் போறா' என்றேன். அவர், 'அடேயப்பா, எப்பேர்ப்பட்ட பொண்ணு, எனக்கு இந்த இடுப்பு வலிக்கு ஏதாவது கேட்டுச் சொல்லுங்களேன்' என்றார். இத்தனை நாள் நான் எதற்குப் பயந்தேனோ! அவருக்கு இடது பக்கம் கீழ்முதுகு, நாள் முழுக்க நின்றபடி வேலை, நேரம் கிடைக்கும்போது இரண்டு வரி எழுது. உன் அண்ணன் பெண் எழுந்து நிற்க ஆரம்பித்துவிட்டாள், நின்றதும் உடனே உட்கார்ந்துவிடுகிறாள், அதிலேயே அவளுக்குப் பரம திருப்தி. 'அத்தைகிட்ட அனுப்பினா ஒரே வாரத்துல ஓட வச்சிடுவா' என்கிறான் அண்ணன். உன்னைக் கிண்டல் செய்தே பேசினாலும், அந்தக் காலணி விளம்பரத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் அவன்தான் காட்டியிருக்கிறான்.

இந்தக் கடிதத்தோடு அம்மா ஒரு சட்டை அனுப்புகிறாள். சாம்பல் நிறம், தொளதொளவென்று, தொழிற்சாலை வாசலுக்கு அவசரமாக ஓடி வந்தவள் போட்டிருக்கக்கூடிய சட்டை. நீ அளவு அனுப்பவில்லை, அவள் கேட்கவும் இல்லை, மனக்கணக்கில் வெட்டினாள். இடது தோளை அரை விரல் இறக்கி வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடப் பையை எப்போதும் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டு போனாயாம், அன்றைக்கு இறங்கியது, நீ எவ்வளவு நிமிர்த்தினாலும் அது ஏறவில்லை என்கிறாள். கணுக்கால் உடைந்த பிறகு அவள் மெஷினை மிதித்துத் தைத்த முதல் துணி அது. வியாழக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு போ. இஸ்திரி போட்டுவிடாதே, கசங்கலோடு இருக்கட்டும் என்பது அவள் உத்தரவு.

உனக்கு நல்ல உடம்பும், நல்ல வார்த்தை சொல்கிற நாலு பேரும், செய்கிற இரண்டு வேலையிலும் மன நிறைவும் கிடைக்க எங்கள் இருவருடைய முழு மனசோடு ஆசீர்வாதம். அந்த வேஷம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அன்றைக்கே போன் பண்ணு, குரல்பதிவு வேண்டாம், நேராகப் பேசு. வலது மணிக்கட்டு வலிக்கிறது என்று போன மாதம் சொன்னாய், அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை, மறந்துவிட்டோம் என்று நினைக்காதே. இந்தக் கடிதத்துக்கு அம்மா ஏழு போட்டிருக்கிறாள். மிச்சம் மூன்று உன் கையில் இருக்கிறதாம்.

கடைசியாக ஒன்றே ஒன்று. வியாழக்கிழமை காலை உன்னிடம் முதலில் வருகிறவர் கதவைத் திறந்துகொண்டு எப்படி உள்ளே வருகிறாரோ, அதை நன்றாகப் பார்த்துக்கொள். அவர் போனதும் கண்ணாடி முன்னால் அவரைப்போலவே நில். மனசுக்குள் பத்து வரை எண்ணு, தோளைத் திருத்தாதே.

இப்படிக்கு,
வாத்தியாரை வெளியில் உட்கார வைத்துவிட்டு எழுதும்
உன் அப்பா